கொம்பு

நாலு வருசம் கழித்து
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல்.
கடிதம் இல்லை.
தினத்தாளில் சுற்றிய ஏழு தகர அச்சுகள்:
நட்சத்திரம், மணி, மெழுகுவத்தி, சம்மனசு,
ஒரு மரம், ஒரு காலுறை,
வழியில் எதுவோ ஏறி மிதித்ததில்
தலை நசுங்கிய ஒரு பனிமான்.

அனுப்புநர் இடத்தில் நாத்தனார் பெயர்.
பெயருக்குப் பின்னால்
புருசன் பெயரையும் முழுசாக எழுதியிருந்தாள்,
வேறு ஏதோ எமல்டாவும்
எங்களுக்கு இருப்பதுபோல.

இவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
கப்பலூர் லேத்தில்
பகலெல்லாம் இரும்போடு கத்துகிற மனுசன்.
சாப்பிட்டுக் கை கழுவி
கொறடை எடுத்துக்கொண்டு
மானின் தலையை நிமிர்த்த உட்கார்ந்தார்.
கிளைவிட்ட கொம்பு கிளையை இழந்தது.
முதுகில் விழுந்த மடிப்பு மட்டும்
என்ன தட்டியும் போகாமல்
திமிலாகி நின்றுவிட்டது.
ஜோவிட்டா எட்டிப் பார்த்தாள்:
"அப்பா, இது அலங்காநல்லூர் மாடு."

மைதா, வெண்ணெய், பொடித்த சீனி, ஒரு முட்டை.
பிசையும் வரைக்கும் எல்லாம் சொன்னபடி கேட்கும்.
இது மதுரை மார்கழி;
விடியலில் குல்லா, பதினோரு மணிக்கு ஃபேன்.
வெட்டித் தட்டில் வைப்பதற்குள்
நட்சத்திரம் கால் பரப்பியது,
சம்மனசுக்கு இடுப்பு பெருத்தது.
உருட்டி ஃபிரிட்ஜில் வைத்தோம்.
கரண்டு போனது.
வந்தது.
மறுபடி போனது.
"எமல்டா அத்தை வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்ல?"
என்றாள் இவள்.
இவளுக்கு ஒன்றும் தெரியாது.
கல்லறைத் திருநாளில்
ஒரே கல்லறைக்கு அண்ணனும் தங்கையும்
வேறுவேறு நேரத்தில் பூ வைப்பது
கூட்டத்துக்குப் பயந்து என்று நினைத்திருந்தாள்.

எங்களிடம் ஓவன் கிடையாது.
அரசரடி பேக்கரியில், ராத்திரி ரஸ்க் இறக்கியபிறகு
சீனி ராவுத்தர்
அடுப்பின் மிச்சச் சூட்டைத் தந்தார்.
"நெய் பிஸ்கட் மாதிரிதான?"
"மாதிரிதான். ஆனா உருவம் நிக்கணும்."
"நிக்கும். சும்மா சும்மா கதவத் தொறக்கச் சொல்லாதீங்க."
பன்னிரண்டு நிமிடம் தெருவில் நின்றோம்,
ரேசன் கடையில் நிற்பதுபோல வரிசையாக.
வெண்ணெய் வேகிற வாசத்துக்கு
ஒரு ஆட்டோ வேகம் குறைத்துப் போனது.

ஆவின் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து
ஊசிமுனை அளவுக்கு மூலையை நறுக்கி
முட்டை வெள்ளையில் அடித்த சீனியை நிரப்பினேன்.
சிவப்புக்கு பீட்ரூட்.
பச்சைக்கு, எழுதினால் கோபிக்கக்கூடாது, கேக் கடைப் பவுடர்.
நட்சத்திரங்களுக்கு நான் ஓரம் கட்டினேன்;
கை நடுங்கிய இடத்திலெல்லாம் ஒரு ஜீரக மிட்டாய்.
மாடு முழுக்க ஜோவிட்டாவுக்கு:
மூக்கணாங்கயிறு, கழுத்தில் சலங்கை,
நெற்றியில் சிலுவை.
இவர் எதையும் தொடவில்லை.
விளிம்பில் நின்ற தூளை மட்டும்
குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்,
லேத்தில் பிசிறு ஊதுகிற மாதிரி.

தெருவுக்கு எட்டுத் தட்டு போனது.
"மாட்டுப் பொங்கலுக்கு இப்பவே அட்வான்சா?"
என்று சிரித்தார் சொர்ணவல்லி டீச்சர்;
சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்தார்.
கடைசியில் டப்பாவில் நாலே மாடு,
அதில் ஒன்றுக்குக் கொம்பு போயிருந்தது.

இருபத்தொன்றாம் தேதி, கூரியர் கடை.
"உள்ள என்ன சார்?"
"பிஸ்கட்டு."
"ஒடையிற பொருளா?"
இவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஒடஞ்சதுதான். சீனி வச்சு ஒட்டியிருக்கு.
பாத்துப் போடுங்க."
அனுப்புநர் என்ற இடத்தில்
பெயரை எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு,
அண்ணன் என்று எழுதினார்.
"பேரு போடணும் சார்" என்றான் பையன்.

வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு
பால் பாக்கெட்டில் மிச்சமிருந்த சிவப்பை
ஜோவிட்டா உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.