அகலக்கால்

தகோமா துறைமுகத்திலிருந்து
பெரிய லாரியின் முதுகேறி, மழையில் நனைந்து,
மொன்டானாவுக்கு வந்து இறங்கியது.
ஆரின் ஒருமுறை சுற்றி நடந்தான்.
இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு.
"மிச்சத்தை எப்போது அனுப்புவார்களாம், ரோவீனா?"

அறுநூற்று அறுபது சிசி.
எஞ்சின் இருக்கைக்கு அடியில்;
அடைகாக்கும் கோழி மாதிரி
அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும்.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
முதல் வாரம் முழுக்க ஆரின்
இடக்கதவைத் திறந்து ஏறி அமர்ந்து
இல்லாத சாவித் துவாரத்தைத் தடவினான்.

கதவில் வெயில் தின்றது போக
மூன்றரை ஜப்பானிய எழுத்து, அரை ஆரஞ்சுப் பழம்.
சீட்டுக்கு அடியில் ஒரு பலகை,
ஆறு வட்டத் துளை, ஆறும் வேறு வேறு அளவு.
பழம் தரம் பிரிப்பது என்று பிறகு புரிந்தது.
அதற்குள் அதன்மேல் நட்டுகளைக் கொட்டியிருந்தோம்.
இரண்டு கதவிலும்
ஒரே உயரத்தில் நீளமாக ஒரு கீறல்.
"ஓட்டத் தெரியாதவன்" என்றான் ஆரின்.
பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும் என்றான்.
தேய்க்கவில்லை.

போன ஆகஸ்ட் தீயில் பாலம் போனது, பாதை போனது.
எரிந்த சரிவில் இந்த ஜூலை
தீக்குப் பின் முதலில் வரும் அந்த ஊதாப் பூ
மடை திறந்தது போல் பூக்கும்.
என் இருபத்திரண்டு தேன்பெட்டியும் அங்கே போயாக வேண்டும்.
பிக்கப் போகாது.
கருகியும் விழாமல் நிற்கிற லார்ச் மரங்களுக்கு நடுவே
ஒரு குதிரைத்தடம், அவ்வளவுதான் வழி.

மூன்று வாரம் கொட்டகையில்.
முன்னால் இரும்பு, பின்னால் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டை,
மூன்று அங்குலம் தூக்கினோம்.
தூக்கியதும் பிரேக் குழாய் எட்டவில்லை,
ஸ்டியரிங் தண்டு எட்டவில்லை,
ஆக்ஸில் முகம் கோணியது.
ஒன்றை உயர்த்தினால்
அதன் சொந்தபந்தமெல்லாம் நீளக் கேட்கிறது.
முரட்டு டயர் வளைவில் இடித்தது.
அறுத்தோம். தகடு
மத்திமீன் டப்பா போல் சுருண்டு விழுந்தது.

அப்புறம் ஆரினுக்குப் பயம் வந்தது.
"உயரம் கூடிப்போச்சு. கவிழும்."
சக்கரத்துக்குச் சக்கரம் இரண்டு அங்குல வளையம் வைத்து
வெளியே தள்ளினான்.
அகலக்கால் வைத்து
மல்லன் போல் நின்றது வண்டி.
படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினான்.

மூன்றாம் வளைவில்
இரண்டு லார்ச்.
டேப் வைத்தேன்: இடைவெளி ஐம்பத்தேழு.
வண்டி ஐம்பத்தொன்பதரை.
ஒல்லி என்றுதானே இதை வாங்கினோம்,
நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.
ரம்பத்தை எடுத்தவன் அண்ணாந்து பார்த்தான்.
ஒடிந்த உச்சிக்கிளை ஒன்று
யாருக்கோ காத்திருப்பது போல் தொங்கியது.
ரம்பத்தை உள்ளே வைத்தான்.

சேற்றில் ஜாக்கி அமிழ அமிழ
நான்கு வளையத்தையும் அங்கேயே கழற்றினோம்.
பின்னால் கட்டியிருந்த பெட்டிகளுக்குள்
வாய் அடைபட்ட தேனீக்கள்
கொதிக்கும் உலை மாதிரி.
ஒரு நட்டு சேறோடு போனது.
பலகையை உதறினேன்,
துளையொன்றில் சிக்கிக் கிடந்த பழையது ஒன்று
கையில் விழுந்தது. பொருந்தியது.

கண்ணாடிகளை மடக்கினோம்.
முதல் கியர். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்,
அதனால் ஏதோ ஆகும் என்பது போல.
இரண்டு பக்கமும் சர்ர்ரென்று
நீளமாக ஒரு சத்தம்.

மேலே இறங்கிக் கதவைச் சாத்தியபோதுதான் பார்த்தேன்.
இரு புறமும் புதுக் கரிக்கோடு,
பழைய கீறலுக்குக் கொஞ்சம் கீழே.
ஆரின் குனிந்து, டேப்பைப் பிடித்து,
கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்தான்.
"மூன்று" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கற்சுவராக இருந்திருக்கும்" என்றான்.

பெட்டிகளின் வாயைத் திறக்கப் போனோம்.