அடியில் துளை இல்லை

கியூர்பிப்பில் மழைக்குத் தனிப் பெயர் கிடையாது,
பெய்யாத நாளுக்குத்தான் பெயர் தேட வேண்டும்.
நகராட்சி, இரண்டாம் மாடி,
வடிகால் பிரிவு.
பதினோரு வருடமாக அங்கே நான்.

ஜனவரி வெள்ளம் வடிந்த மறுவாரம்
ஃபாரஸ்ட் சைடிலிருந்து வியாபுரி வந்தார்.
கால்சட்டையில் முழங்கால் வரை சேற்றுக்கோடு,
கையில் ஒரு பீங்கான் சட்டி,
அதில் ஊதா நிறத்தில் ஐந்து ஆர்கிட் பூ.
"இதுக்காவது வடிகால் வையுங்க மேடம்."
மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.
நன்றி என்று சொல்லியிருந்தேன்.
படியில் அவர் காலடி ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேரில் வெந்நீர் ஊற்றுகிறவர்களைத்தான் ஊர் ஏசும்.
நான் ஊற்றியது பச்சைத் தண்ணீர்.
காலை பத்து மணிக்கு ஒரு குவளை,
முதல் புகாரைப் பிரிக்கும் முன்.
ஞாயிறு விடுமுறைக்கு ஈடாகத்
திங்களன்று இரண்டு.

ஏப்ரலில் இலை மஞ்சளித்தது.
சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.
துளை இல்லை.
மூன்று பொறியாளர்கள் இருக்கும் அறையில்
மூன்று மாதமாக எவரும் பார்க்கவில்லை.
சாய்த்ததும் கருத்த நீர் வழிந்தது. அந்த நாற்றத்தை
எனக்குத் தெரியும்,
தெருப் பெயரோடு தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச்
சமையல் மேடையில் செய்தித்தாள் விரித்தேன்.
வேரை இழுத்தால் உறை மட்டும் கையோடு வந்தது.
மிச்சம், ஈரக் கம்பி போல் ஒரு நரம்பு.
விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்:
நசுங்கியது செத்தது,
எதிர்த்து நின்றது உயிர்.
எதிர்த்தவை ஏழு.
பிளேடை அடுப்பில் காட்டி மற்றதையெல்லாம் நறுக்கினேன்.
வெட்டுவாயில் பட்டைத்தூள்,
பிரியாணிக்கு வைத்திருந்தது.
கிழங்குத் தண்டை நடுவில் பிரித்ததில்
ஒரு பாதிக்கு ஐந்து வேர், ஒரு பாதிக்கு இரண்டு.

பீங்கானில் துளை போடலாம் என்று
டிரில்லை எடுத்தேன்.
அது நாலாகப் பிளந்தது. போகட்டும்.
சில்லுகளைப் பிளாஸ்டிக் சட்டியின் அடியில் பரப்பி,
மேலே கரித்துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டை.
மண் ஒரு சிட்டிகையும் இல்லை.
ஐந்து வேர்க்காரிக்கு அந்த மாளிகை.

இரண்டு வேரோடு நின்றதற்குச்
சீனக் கொய்யாக் கிளை ஒரு முழம்.
பழைய காலுறையை நாடாவாகக் கிழித்துக்
கட்டினேன், இறுக்கமாக,
ஆடினால் புது வேரின் நுனி தேய்ந்துவிடுமாம்.
குருத்தில் நீர் நிற்காதபடி கொஞ்சம் சாய்த்துக்
குளியலறை ஜன்னலில் மாட்டினேன்.
நனையும், வடியும், மதியத்துக்குள் உலரும்.
உலர்ந்தால் வேர் வெள்ளி,
நனைந்தால் பச்சை.
இவ்வளவு தெளிவாகப் பேசும் ஒன்றிடம்
நான் மூன்று மாதம்
எதுவும் கேட்கவில்லை.

ஜூன், ஜூலை. மூடுபனி.
சட்டியில் இருப்பது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.
கொய்யாவில் இருப்பது, இரண்டே வேர்க்காரி,
ஆகஸ்டில் பச்சை நுனி ஒன்றை நீட்டினாள்.
அடுத்த வாரம் இன்னொன்று.
அது பட்டையின் வெடிப்பைத் தடவிக்கொண்டே போய்
ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை வியாபுரியைத் தொலைபேசியில் அழைத்தேன்.
"பூத்துச்சா?"
"இல்லை. வேர் விட்டிருக்கு, ரெண்டு."
அந்தப் பக்கம் மழைச்சத்தம் கேட்டது,
தகரத்தில் அல்ல,
தண்ணீரின் மேல் விழும் மழை.
"நேத்தும் மூணாம் படி வரைக்கும் வந்துச்சு மேடம்."

கோப்பு பரிசீலனையில் இருக்கிறது
என்ற வாக்கியம் எனக்கு மனப்பாடம்.
வாய் வரைக்கும் வந்தது.
நகக்கண்ணில் கரித்தூள், அதைப் பார்த்தபடி
உங்கள் தெருவில் தண்ணீர் முதலில் எங்கே நிற்கும்
என்று கேட்டேன்.
அவர் சொல்லத் தொடங்கினார்.
கோப்பின் பின்னட்டையில்
வரையத் தொடங்கினேன்.