இடது பொத்தான்

டுலூத் துறைமுகத்தில் ஏரி உறைந்துவிட்டால்
கப்பல்காரர்களுக்கு வேலை கிடையாது.
மிஞ்சிய பொழுதையெல்லாம் கொண்டுவந்து
ஐலாவின் மதுக்கடை மூலையில் கொட்டுவார்கள்,
அந்தப் பழைய பௌலிங் பெட்டியின்மேல்.

சின்ன விளையாட்டுதான்.
வலது பொத்தானைத் தட்டினால் ஆள் வலப்பக்கம் ஓரடி வைப்பான்.
இடதைத் தட்டினால் இடப்பக்கம்.
சிவப்பை அழுத்திப் பிடித்தால் பலம் ஏறும்,
விட்டால் பந்து உருளும்.
எட்டு விநாடிக்குள் எறியாவிட்டால்
பெட்டியே எறிந்துவிடும், உன்னைக் கேட்காமல்.
ஆளுக்கு முகமில்லை. பதினோரு கட்டம்தான் உடம்பு,
அதில் இரண்டு தொப்பிக்குப் போய்விட்டது.

இடது பொத்தான் செத்து ஆறு வருஷம் என்று
ஜனவரியில் கூப்பிட்டாள் ஐலா.
பின்பலகையைக் கழற்றினேன்.
தூசி, ஒற்றைக் காதணி, கனடாக் காசு மூன்று,
துருவேறி அறுந்த மஞ்சள் கம்பி.
பற்றவைத்தேன். பத்து நிமிட வேலை.
நாற்பது டாலர்.

வியாழக்கிழமை மறுபடி போன்.
"என்ன செய்து தொலைத்தாய், ஆர்வோ?"

போய்ப் பார்த்தேன்.
கிரேன் ஓட்டும் லாயிட் ஹௌகன்,
நூற்றெண்பதுக்குக் கீழே இறங்காதவன்,
இடது, வலது, இடது, இடது, வலது.
கழிப்பறைக்கு வழி தேடுபவன்போல்
அவன் ஆள் கோட்டில் அலைந்துகொண்டிருக்க
எட்டு விநாடி தீர்ந்தது.
பந்து தானாய்ப் புறப்பட்டு ஓர வாய்க்காலில் விழுந்தது.
அவனுக்குப் பின் பெர்னிஸ். அவளும் அப்படியே.
தொண்ணூற்றொன்று. எழுபத்தாறு.

முன்பெல்லாம் ஆள் இடக்கோடியில் தொடங்குவான்,
வலப்பக்கம் மட்டும் போவான்.
எத்தனை தட்டு என்று விரலுக்கு மனப்பாடம்.
பத்துக் கட்டையும் சாய ஏழு தட்டு.
ஒன்று கூடிப்போனால் வைதுகொண்டே
நின்ற இடத்திலிருந்து எறிவார்கள்.
பாதி நேரம் அதுவும் விழுந்தது.

"ரிப்பேர் செய்ததை ரிப்பேர் செய்" என்றாள் ஐலா.
இருபத்திரண்டு வருஷத் தொழிலில்
ஓடுகிற ஒன்றை நிறுத்தச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.
கம்பியை வெட்டினேன். நுனியில் டேப் சுற்றி மடித்து வைத்தேன்,
தானாய் அறுந்ததில்லை என்று
அடுத்து வருபவனுக்குத் தெரியட்டும்.
ரசீதில் என்ன எழுதுவதென்று கொஞ்சம் யோசித்து
'சரிசெய்யப்பட்டது' என்றே எழுதினேன்.
கூலி, ஒரு தட்டு வறுத்த ஏரிமீன்.

கிளம்புமுன் ஒரு காசு போட்டேன்.
ஐந்து, ஆறு, ஏழு,
விரல் நிற்காமல் எட்டு.
கை தானாக இடது பொத்தானுக்குப் போயிற்று.
"அது செத்துப்போச்சு" என்றான் லாயிட், முதுகுக்குப் பின்னால்.
எனக்குத் தெரியாதா.

சிவப்பை அழுத்தினேன். விட்டேன்.
ஆறு கட்டை சரிந்தன.
மிச்சம் நான்கும்
பனியில் மாட்டிய கப்பல்கள்போல் என்று சொல்ல வந்தேன்;
இல்லை, வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

இரண்டாம் பந்துக்கு
ஆள் மறுபடி இடக்கோடியில் வந்து நின்றான்.