முப்பத்தெட்டாம் நொடி

மாடத்தில், ஆர்கன் குழாய்களின் முதுகுப்பக்கம்
எனக்கு விட்ட இடம்:
ஒரு மடக்கு மேசை, ஒரு மடிக்கணினி, பாதம் மரக்கும் குளிர்.
திரையில் இடக்கட்டம் அடுத்து வரவிருப்பது,
வலக்கட்டம் உலகம் பார்த்துக்கொண்டிருப்பது.
வார நாட்களில் மீன் ஆலையில் காட் மீனுக்கு முள்ளெடுக்கிறேன்.
இதற்கும் அதே விரல்கள்தான்.

இன்று ஓட்கெய்ரை அடக்கம் செய்கிறோம்.
பனி சரிந்து கணவாய்ச் சாலை மூடிவிட்டது.
ரெய்க்யாவிக்கில் கிளம்பிய விமானம்
ஃப்யோர்டின் மேல் இரண்டு வட்டமடித்துவிட்டுத் திரும்பிப்போனது.
பாதிச் சொந்தம் திரைக்கு அப்பால்.
மகள் ஆஸ்தீஸ் கடல் தாண்டி ஹாலிஃபாக்ஸில்;
கடைசியில் ஒரு பத்தி வாசிக்க வேண்டியவள்,
அவள் இணைப்பு என் இடக்காதில் மூச்சுவிடுகிறது.

தம்பி எய்விந்தூர் நேற்று ஒரு காணொளி கொடுத்தார்.
ஒரே நிமிடம். படகு, வெயில், எண்ணெய்ச் சட்டை,
வலையிழுத்துக்கொண்டே ஓட்கெய்ர் சிரிக்கிறார்.
"முப்பத்தெட்டாம் நொடியில் வெட்டிவிடு.
அதற்கப்புறம் உள்ளது சபைக்கு ஆகாது."

வெட்டிவிட்டேன் என்றேன்.
வெட்டவில்லை. இந்த மென்பொருளில் யாரும் எதையும் வெட்டுவதில்லை.
தொடக்கத்தில் ஒரு முளை, முடிவில் ஒரு முளை,
நடுவில் உள்ளதை மட்டும் மேயவிடுகிறோம்.
மீதி வேலிக்கு வெளியே அசைபோட்டபடி படுத்திருக்கிறது.
ஆலையில் அப்படியில்லை:
போன முள் போனதுதான்,
வாளியில் தேடி யாரும் மீனுக்குள் திருப்பி வைப்பதில்லை.

லூப்பை அணைத்தேன். நேரலைக்கு வந்ததும் தானாக ஓடு என்றேன்.
முடிந்ததும் கடைசிச் சட்டகத்தில் நில் என்றேன்,
அந்தச் சிரிப்பில்.

காலையில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
பெயர் இருந்தது, ஒலியளவு இருந்தது, வரிசை இருந்தது.
இரண்டாம் முளை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

பாதிரியார் தலையசைத்தார். விட்டேன்.
இறந்தகாலம் வலக்கட்டத்துக்குள் வந்து
வலையிழுக்கத் தொடங்கியது.
முன்வரிசையில் ஹெர்போர்க் கையுறையைக் கழற்றினாள்.
சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.
அவர் சிரிக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும்.
இருபத்திரண்டு காட்டியது.

ஸ்பேஸ் பார் மேல் கட்டைவிரல்.
நிறுத்தினால் வாய் பாதி திறந்தபடி உறைவார்.
ஒன்றாம் கேமராவுக்கு மாறினால் பெட்டி.
ஒலியை மட்டும் இறக்கலாம்தான்,
ஆனால் சத்தமில்லாத ஓட்கெய்ரை
இந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.
யோசித்தது மூன்று நொடி.
அதற்குள் அவர் மீன்குடலில் வழுக்கித்
தொட்டிக்குள் உட்கார்ந்தாயிற்று, கால்கள் வானம் பார்க்க.

வைதார்.
கடலை, கடலைப் பங்குபோட்ட அமைச்சரை,
இந்தப் படகைத் தன் தலையில் கட்டிய மச்சானை,
ஞாயிறு தவறாமல் மணியடித்து மீனை விரட்டும்
"அந்தக் கறுப்பங்கிக் காக்கையை."
பிறகு நேராக என்னைப் பார்த்து:
"அதை அணைச்சுத் தொலை!"

அணைக்கவில்லை. தானாக முடிந்தது.
தொட்டிக்குள்ளிருந்து விரல் நீட்டியபடி நின்றுவிட்டார்.

மெழுகுவர்த்தி மட்டும் அசைந்தது.
முதலில் ஹெர்போர்க்கின் தோள்கள் குலுங்கின.
பக்கத்திலிருந்தவள் கைக்குட்டையை நீட்டினாள்.
அதற்குத் தேவை இருக்கவில்லை.
பிறகு இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை,
அந்த மச்சான்,
மாடத்தை முறைத்துக்கொண்டே எய்விந்தூர்.

அடங்க நேரமாயிற்று.
"ஜெபிப்போம்" என்றார் பாதிரியார், அதே கறுப்பங்கியில்.
தலைகள் குனிந்தன.

நேரலை வெளியே போய்ச்சேர நாற்பது நொடி ஆகும்.
என் இடக்காதில் இப்போதுதான் ஓட்கெய்ர் வழுக்கினார்.
கடல், அமைச்சர், மச்சான், காக்கை.
பிறகு ஆஸ்தீஸ்:
ஏதோ சமையலறையில், தனியாக,
மூக்கை உடைத்துக்கொண்டு வரும் சிரிப்பு.

அவள் ஒலிப்பட்டி அடியில் கிடந்தது.
ஜெபம் பாதியில் இருந்தது.

ஏற்றினேன்.

பாதிரியார் கண்ணைத் திறந்தார்,
புத்தகத்தில் விரலைச் செருகிக்கொண்டு
அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.