ஒன்பதாம் பக்கம்

கதான்ஸ்கில் பதினொரு மாடிக் குடியிருப்பு.
கூட்டக் குறிப்பை யாரும் படிப்பதில்லை.
பதினேழு பக்கக் கோப்பு;
வீடியோவாக்கி லிஃப்ட் திரையில் ஓட்டுங்கள்
என்றார் செயலாளர் லுத்மிவா.
ஒலி?
வேண்டாம், செலவு.

பக்கத்துக்கு ஆறு விநாடி என
மென்பொருள் தானே முடிவுசெய்தது.
காலிப் பக்கத்துக்கும் ஆறு.
போலிஷ் எழுத்துகளின் வால்கள் வழியில் உதிர்ந்து
சொற்கள் மொட்டையாய் நின்றன.
நள்ளிரவு வரை
ஒவ்வொன்றாய் வால் ஒட்டினேன்.

கதவு மூடும்போதெல்லாம் முதலிலிருந்து ஓடும் படம்.
அதனால்
இரண்டாம் மாடிக்குத் தெரிந்தது
தேதியும் வராதவர் பெயர்களும்.
ஆறாம் மாடியில்
சைக்கிள் எங்கே நிறுத்துவது என்று சண்டை.
ஒன்பதாம் பக்கத்துக் கட்டண உயர்வு
உச்சி மாடிக்கு மட்டும் எட்டிய ரகசியம்.
அவர்கள் முகம் தூக்கி வைத்துக்கொண்டு இறங்க,
மற்றவர்கள்
வானிலை என்று நினைத்தார்கள்.

சனிக்கிழமை
இரண்டாம் மாடி ஜெனோன், பனி ஒட்டிய காலணி,
கையில் நாய்க்கயிறு,
பதினொன்றை அழுத்தினார்.
ஒன்பதாம் பக்கம் வந்ததும்
சிவப்புப் பொத்தான்.
இரு மாடிகளுக்கு நடுவே
தொங்கிக்கொண்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
உரக்கப் படிக்கத் தொடங்கினார்,
காற்புள்ளி அரைப்புள்ளி விடாமல்.

லிஃப்ட் குழி நெடுக
கதவுகள் திறக்கும் சத்தம்.