இருநூறு கிராம்

கெய்ஷா என்று எழுதிய பையில்
இருநூறு கிராம் பச்சை விதை இருந்தது.
போன ஞாயிறு நாற்பதைக் கருக்கினேன்.
பண்டாரவளையில் மூன்று நாள் மழை,
கூரைத் தகரத்தின் இரைச்சல்
விதையின் முதல் வெடிப்பை விழுங்கிவிட்டது.
கதவைத் திறந்தபோது
வீடெல்லாம் கரி வாசம்.

பத்தொன்பது கன்று நட்டோம், தம்மிக்கவும் நானும்.
பதினொன்றை இலைத்துரு கொண்டுபோனது.
இலையின் அடியைத் தடவினால்
விரலில் செம்மஞ்சள் தூள்,
குழந்தைக்குப் பூசலாம் போல
அவ்வளவு மென்மை.
மிஞ்சிய எட்டு மரம்
நாலாம் வருடம் தந்ததுதான் இந்தப் பை.

இரண்டாம் நாற்பது தப்பிப் பிழைத்தது.
இன்று அதைத் திறக்கிறோம்.
தராசில் பதினைந்து.
வெந்நீர் தொண்ணூற்றிரண்டு பாகை.
முதல் நீர் விழ, தூள் உப்பி
மூச்சு விடுகிறது.
அந்த முப்பது விநாடி பேசக்கூடாது என்று
சட்டம் எதுவுமில்லை.
யாரும் பேசவில்லை.

சூட்டில் ஒன்றுமில்லை.
கரண்டியால் சத்தமாக உறிஞ்சினேன்,
மறுபடி உறிஞ்சினேன்.
கொஞ்சம் ஆறியதும் வந்தது.
படிவத்தில் 'மலர்' என்றொரு கட்டம்.
மல்லிகை என்று எழுதப்போய் நின்றேன்.
எந்த மல்லிகை?
கோயிலடியில் முழம் போடுவதா,
மறுநாள் காலை தலையணையில்
நசுங்கிக் கிடக்கிறதே, அதுவா?
இரண்டாவது.
கட்டத்தில் அவ்வளவுக்கு இடமில்லை.

கொழுந்து நிறுத்துவிட்டு
இடுப்பில் படங்கோடு வந்து நின்றாள்
பக்கத்து லயத்து டெய்சிராணி.
ஒரு கோப்பை கொடுத்தோம்.
வாயில் வைத்தாள்,
எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.
"இதுக்கா நாலு வருசம்?
சாயம் பத்தாத பிளேன்டீ மாதிரியில்ல இருக்கு!"

தம்மிக்கவுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.
பிளேன்டீ என்ற சொல் போதும்.
சுவரில் சாய்ந்து சிரித்தான்.
ஜன்னலுக்கு வெளியே
அடுத்த மலையும் அதற்கடுத்த மலையும்
தேயிலை.
கோப்பி செத்த மண்ணில்தான்
அது வந்து ஏறியது.
இப்போது கோப்பியே அதன் ருசியில்
திரும்பி வந்திருக்கிறது,
எங்கள் செலவில்.

சீனி கேட்டாள். இல்லை என்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே
ஆறிப்போனதை அடிவரை குடித்தாள்.
கோப்பைக்குள் மூக்கை விட்டு
காலியை இரண்டு தரம் முகர்ந்தாள்.
"நார்த்தம்பூ" என்றாள்.
நான் எழுதிக்கொண்டேன்.

பையில் இன்னும் நூற்றிருபது.
அடுத்த வறுவலுக்கு
அவளைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.
எட்டாம் நம்பர் மலையில், கொட்டும் மழையில்,
கங்காணியின் விசில் கேட்கிற காது.