நல்ல கடத்தி

பார்சலில் முகவரி சரியாகத்தான் இருந்தது:
தையல்நாயகி, லஸ்கர்,
கடைசி ரெகுலேட்டர், தலைஞாயிறு.
கூரியர் மரியசூசைக்குத்தான் சந்தேகம்.
"கிலுகிலுன்னுதே, பாசிமணியாக்கா?"
ஆமாம் என்றேன்.
பிரித்தால் அப்படித்தான் இருந்தது,
வயிற்றில் வண்ணக்கோடு போட்ட
குட்டி உருளைகள் நூறு.

ரெசிஸ்டர்.
கோட்டைப் படித்தால் எத்தனை ஓம் என்று தெரியும்.
சிவப்பு சிவப்பு பழுப்பு, இருநூற்றிருபது.
சிவப்பு சிவப்பு சிவப்பு, அதற்குப் பத்து மடங்கு.
ஷட்டர் ரூமின் மஞ்சள் பல்பில்
பழுப்பும் சிவப்பும் அக்கா தங்கை.
பெரியதை மாட்டிவிட்டு
விளக்கு ஏன் அழுது வடிகிறது என்று
அரைமணி நேரம் பேட்டரியைத் திட்டினேன்.
அப்புறம் கோபத்தில்
ரெசிஸ்டரே இல்லாமல் கொடுத்தேன்.
ஒரே ஒரு சிமிட்டல்.
இரண்டு ரூபாய் போச்சு.

மின்சாரம் தண்ணீர் மாதிரி
என்கிறது புத்தகம்.
வோல்டேஜ் உயரம், கரண்ட் ஓட்டம்,
ரெசிஸ்டர் ஒடுங்கிய குழாய்.
எழுதியவர் கடைமடைக்கு வந்ததில்லை.
மேட்டூரில் திறந்தது இங்கே வந்து சேர
எத்தனை ஓம் என்று
எந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்வது?
ஆகாயத்தாமரை எத்தனை ஓம்?
மேலே யாரோ ராத்திரியில் அடுக்கும்
மணல்மூட்டை எத்தனை?

கெபாசிட்டர், குட்டை.
நிரம்பும், கொடுக்கும், வற்றும்.
சுலபம் என்று நினைத்து
மைனஸ் கோட்டைப் பார்க்காமல் திருப்பிக் குத்தினேன்.
டப்பென்று வெடித்தது.
மூன்று நாளைக்கு
போர்வையெல்லாம் அந்த நாற்றம்.

டையோடுக்கு மட்டும் புத்தகம் தேவைப்படவில்லை.
ஒரு பக்கம் வெள்ளி வளையம்,
ஒரு திசைக்குத்தான் வழி.
இதற்குத்தானே எனக்குச் சம்பளம்?
ஆறு கடலுக்குப் போகலாம்,
கடல் ஆற்றுக்குள் வரக் கூடாது.
ஒன்பது ஷட்டர்.
அதன் தாளில் பொடி எழுத்தில்
'தலைகீழ்க் கசிவு, ஐந்து மைக்ரோ ஆம்பியர்'
என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.
என் நான்காவது ஷட்டரின் கிழிந்த ரப்பர் பற்றி
நான் எழுதிய கடிதம் ஏழு.
ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எதிரே அழுத்தினால்
டையோடு உடையுமாம்.
கஜா அன்று எத்தனை வோல்ட் என்று
யாரும் அளக்கவில்லை.

கடைசியில் நானாக ஒன்று செய்தேன்.
இடியாப்பத் தட்டு போல ஓட்டை போட்ட பலகை,
ஒன்பது வோல்ட் பேட்டரி,
இருநூற்றிருபது ஓம் (பகலில் பார்த்து எடுத்தது),
ஒரு பச்சை எல்.இ.டி.,
வயரின் நுனியில்
இரண்டு எவர்சில்வர் கரண்டி.
கேன் தண்ணீரில் வைத்தேன், ஒன்றுமில்லை.
ஆற்றுத் தண்ணீரில், மினுக்மினுக்.
ஷட்டருக்கு அந்தப் பக்கம் மொண்டு வந்த
கடல் தண்ணீரில்
கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி.
உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி என்றிருக்கிறது.
யாருக்கு நல்லது என்று போடவில்லை.

மாசிப் பௌர்ணமி. இரண்டு மணி இருக்கும்.
உளுந்து பூத்திருந்தது.
ஆற்றுப் பக்கம் தொங்கவிட்டிருந்த கரண்டிகளுக்கு மேலே
பச்சை.
கண் கூசுகிற பச்சை.
இதுவரை நான் செய்ததிலேயே
அழகாக எரிந்த விளக்கு.
ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன்.
தப்புதான்.
பிறகு ஓடிப்போய்
நான்காவது ஷட்டரின் சக்கரத்தில் தொங்கினேன்,
கால் தரையில் இல்லை.
துருப்பிடித்த மரை கால் சுற்று இறங்கியது.
இன்னொரு கால்.
சாக்கை, களிமண்ணை, என் பழைய ரெயின்கோட்டை
கிழிசலில் திணித்தேன்.

ஜே.இ. தூக்கத்தில் போனை எடுத்தார்.
"மீட்டர் என்னம்மா காட்டுது?"
மீட்டர் ஏது சார்.
ரெண்டு கரண்டி.
நல்லா எரியுது.

விடியும்போது
மறுபடி மினுக்மினுக்குக்கு வந்திருந்தது.
கரண்டிகளை எடுத்துக் கழுவினேன்.
பிளஸ் பக்கத்துக் கரண்டி
பழுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறத்தில்
அரித்துப் போயிருந்தது.
சாம்பாருக்கு
வேறு வாங்க வேண்டும்.